ஆபீஸ் நேரம் போக படம் எடுத்த செகரட்டரி... உலகின் முதல் பெண் இயக்குநர் ஆலிஸ் கீ!

2024 ஜூலை 26. பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழா. கொட்டும் மழைக்கு நடுவே, சென் நதிக்கரையில் தங்க நிறத்தில் பெண்களின் சிலைகள் மேலெழுந்து வந்தன. பிரான்ஸ் வரலாற்றில் தடம் பதித்த 10 பெண்கள். எழுத்தாளர் சிமோன் த பொவார் இருந்தார். அரசியல் தலைவர் சிமோன் வேய் இருந்தார். அந்த வரிசையில் ஆலிஸ் கீ என்றொருவரும் இருந்தார். ரீல்ஸ்ல நீங்ககூட அந்தச் சிலைகளைப் பார்த்திருக்கலாம். ஆனா, 'யாருப்பா இந்த ஆலிஸ்?' என்று தேடிப் பார்த்தீர்களா?

சினிமாவைக் கொண்டுவந்தது யார் என்று கேட்டால் லூமியேர் சகோதரர்கள் என்போம். மாயாஜாலப் படம் என்றால் ஜார்ஜ் மெலியே. இந்தியாவின் முதல் முழுநீளப் படம் என்றால் தாதாசாகேப் ஃபால்கே. பொது அறிவுப் புத்தகத்திலேயே இருக்கிற பெயர்கள் இவை. ஆனால், ஃபால்கேவின் 'ராஜா ஹரிச்சந்திரா' 1913-ல் வெளிவருவதற்கு 17 ஆண்டுகளுக்கு முன்பே கதை வைத்துப் படம் எடுக்கத் தொடங்கியவர் ஆலிஸ் கீ. சுமார் 1,000 படங்களில் அவருடைய பங்கு இருக்கிறது. அமெரிக்காவில் சொந்தமாக ஸ்டூடியோ கட்டி நடத்தினார். இத்தனையும் செய்தவரின் பெயர் எப்படிக் காணாமல் போனது? அதைத் திரும்பக் கண்டெடுக்க அவரே எவ்வளவு அலைந்தார்? வாங்க, முதலில் இருந்து பார்ப்போம்.

புத்தகக்கடைக்காரர் மகள்

ஆலிஸ் பிறந்தது 1873 ஜூலை 1-ம் தேதி, பாரிஸை ஒட்டியுள்ள சான்-மாந்தே என்ற ஊரில். அப்பா எமில் கீக்குத் தென்னமெரிக்காவின் சிலி நாட்டில் புத்தகக்கடைத் தொழில். அம்மா, பிரசவத்துக்காகப் பிரான்ஸ் வந்து குழந்தையைப் பெற்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். ஆலிஸ் முதல் சில ஆண்டுகள் சுவிட்சர்லாந்தில் பாட்டியிடம் வளர்ந்தார். பிறகு சிலி. பிறகு மறுபடியும் ஐரோப்பா வந்து கான்வென்ட் படிப்பு.

வசதியான வாழ்க்கை நீடிக்கவில்லை. தொழில் நொடித்தது. 1891-ல் அப்பாவும் இறந்துபோனார். வீட்டைத் தாங்க வேண்டிய பொறுப்பு, 18 வயதைத் தொடாத ஆலிஸ் தலையில் விழுந்தது. அந்தக் காலத்தில் புதிதாக வந்திருந்த டைப்ரைட்டிங், சுருக்கெழுத்து இரண்டையும் கற்றுக்கொண்டார். நம் வீட்டுப் பாட்டி, அத்தைகளில் எத்தனை பேர் 'டைப்பிங் லோயர், ஹையர்' முடித்துவிட்டு வேலைக்குப் போனார்களோ, அதே வழிதான்.

1894-ல் பாரிஸில் கேமராக்களும் போட்டோகிராஃபி சாமான்களும் விற்கிற ஒரு கம்பெனிக்கு செகரட்டரி வேலைக்காகப் போனார். இன்டர்வியூ எடுத்தவர் லியோன் காமோன். இவ்வளவு சின்ன வயதாக இருக்கிறதே என்று அவர் தயங்க, அந்தக் குறை நாள் போகப் போகத் தானாகச் சரியாகிவிடும் என்று ஆலிஸ் சொன்னாராம். வேலை கிடைத்தது. அடுத்த ஆண்டே கம்பெனி கைமாறி காமோனிடம் வந்தது. முதலீடு போட்டவர்களில் ஈஃபிள் டவர் புகழ் குஸ்தாவ் ஈஃபிளும் ஒருவர். இன்றைக்கும் படத் தயாரிப்பில் இருக்கும் 'காமோன்' நிறுவனம் இப்படித்தான் பிறந்தது.

முட்டைக்கோஸ் தேவதை

1895 மார்ச் 22. பாரிஸில் அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும் ஒரு செயல்விளக்கக் கூட்டம். லூமியேர் சகோதரர்கள் தங்கள் புதுக் கருவியில், தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியே வருகிற காட்சியைத் திரையில் ஓடவிட்டுக் காட்டினார்கள். காசு கொடுத்துப் பொதுமக்கள் பார்த்த புகழ்பெற்ற காட்சி டிசம்பரில்தான் நடந்தது. அதற்கு ஒன்பது மாதம் முன்னாடியே பார்த்துவிட்ட சிலரில் காமோனும் அவருடைய செகரட்டரியும் உண்டு.

காமோனும் கேமரா தயாரிக்கத் தொடங்கினார். கருவி எப்படி வேலை செய்கிறது என்று வாடிக்கையாளருக்குக் காட்ட, சின்னச் சின்னப் படங்கள் எடுப்பார்கள். ரயில் வரும். ராணுவ அணிவகுப்பு போகும். அவ்வளவுதான். இன்று புது போன் வாங்கினால், கேமரா டெஸ்ட்டுக்கு மாடியில் நின்று தெருவை வீடியோ எடுப்போமே, அந்த மாதிரி! படம் என்பது கேமரா விற்பதற்கான சாம்பிள்.

புத்தகங்களுக்கு நடுவே வளர்ந்த ஆலிஸுக்கு இது சலிப்பாக இருந்தது. இதில் ஒரு கதையை நடிக்க வைத்து எடுத்தால் என்ன என்று தோன்றியது. தயங்கித் தயங்கி முதலாளியிடம் கேட்டார். ஆபீஸ் கடிதங்கள் தேங்கக் கூடாது, செகரட்டரி வேலை ஒழுங்காக நடக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. யோசித்துப் பாருங்க... சினிமாவில் பணமோ புகழோ இருக்கிறது என்று தெரிந்திருந்தால், அந்தக் காலத்தில் 22 வயதுப் பெண்ணிடம் கொடுத்திருப்பார்களா? யாருமே பெரிதாக நினைக்காத வேலையாக அது இருந்ததால்தான் அவர் கைக்கு வந்தது. மதிப்பு கூடக்கூட அந்த வேலை யார் கைக்குப் போனது என்பதையும் இந்தக் கதையிலேயே பார்க்கப்போகிறோம்.

1896-ல் அவர் எடுத்ததாகச் சொன்ன முதல் படம், 'லா ஃபே ஓ ஷூ'. அதாவது, முட்டைக்கோஸ் தேவதை. ஆண் குழந்தை முட்டைக்கோஸுக்குள் இருந்து வரும் என்று குழந்தைகளுக்குச் சொல்கிற பிரெஞ்சுப் பேச்சுவழக்கு ஒன்று உண்டு. நம்ம ஊரில் 'உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்' என்று சொல்வார்களே, அப்படி. ஒரு தோட்டம், அட்டையில் செய்த முட்டைக்கோஸ்கள், அவற்றுக்குள் இருந்து நிஜக் குழந்தைகளை எடுத்துக் காட்டும் ஒரு தேவதை. ஒரு நிமிடம்தான் படம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இன்று நாம் பார்க்கிற பிரதி 1900-ல் எடுக்கப்பட்டது என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 1896-ல் எடுத்தது வேறு பிரதி, அது தொலைந்துவிட்டது என்பது ஒரு தரப்பு. ஆலிஸ் முதுமையில் ஆண்டை மாற்றி நினைவுகூர்ந்திருக்கலாம் என்பது இன்னொரு தரப்பு. எந்தக் கணக்கை எடுத்தாலும், படம் இயக்கிய முதல் பெண் அவர்தான் என்பதில் சண்டை இல்லை. அடுத்த பத்தாண்டுகளுக்கு உலகிலேயே பெண் இயக்குநர் அவர் ஒருவர் மட்டும்தான் என்பதும் சினிமா வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து.

பாட்டுக்கு வாயசைப்பு... அப்போதே!

மௌனப்படக் காலம் என்றால் முழுக்க மௌனம் என்று நினைக்காதீர்கள். படத்தையும் இசைத்தட்டையும் ஒன்றாக ஓடவைக்கும் 'க்ரோனோஃபோன்' என்ற கருவியை காமோன் உருவாக்கியிருந்தார். அதற்காக 1902-க்கும் 1906-க்கும் இடையில் ஆலிஸ் 100-க்கும் மேற்பட்ட ஒலிப்படங்களை எடுத்தார். மயோல், ட்ரானெம் போன்ற அன்றைய பிரெஞ்சு மேடைப் பாடகர்கள் அவற்றில் தோன்றினார்கள்.

எடுத்த முறைதான் சுவாரஸ்யம். முதலில் பாட்டைத் தனியாகப் பதிவு செய்துவிடுவார்கள். அப்புறம் செட்டில் அந்தப் பாட்டை ஒலிக்கவிட்டு, பாடகர் அதற்கேற்ப வாயசைத்து நடிக்க, கேமரா ஓடும். ஆமாம், இன்றைக்கும் நம்ம ஊரில் பாட்டு சீன் எடுக்கிற அதே முறைதான்!

இப்படி ஒரு படப்பிடிப்பு நடக்கும்போது எடுத்த 'மேக்கிங் வீடியோ'கூட இன்று கிடைக்கிறது. இசைத்தட்டு இயந்திரம், கேமரா, நடன உடையில் நடிகர்கள்... நடுவில் கொண்டை போட்ட ஒரு பெண் அங்குமிங்கும் போய் எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். அவர்தான் டைரக்டர்.

அதற்குள் அவர் காமோன் கம்பெனியின் படத் தயாரிப்புப் பிரிவுக்கே தலைவி. கதை தேர்வு, செட், உடை, நடிகர்கள், பட்ஜெட், உதவியாளர்கள் என எல்லாம் அவர் பொறுப்பு. இன்றைய மொழியில் டைரக்டர் மட்டுமில்லை, புரொடியூசரும் அவர்தான். பின்னாளில் பிரான்ஸின் பெரிய இயக்குநரான லூயி ஃபூயாடுக்கு அங்கே வழி திறந்துவிட்டதும் அவரே.

1906-ல் அந்தக் காலத்துக்கு மிகப் பெரிய முயற்சி ஒன்றில் இறங்கினார். இயேசுவின் வாழ்க்கைக் கதை. ஒரு படம் என்றால் சில நிமிடங்கள் என்றிருந்தபோது, இது அரை மணி நேரத்துக்கும் மேல். 25 காட்சிகள், சுமார் 300 துணை நடிகர்கள், ஓவியர் ஜேம்ஸ் டிஸோவின் பைபிள் ஓவியங்களைப் பார்த்து அமைத்த செட்டுகள். இயேசுவைச் சுற்றியிருந்த பெண்களுக்கு இந்தப் படத்தில் கிடைத்திருக்கும் இடத்தை ஆய்வாளர்கள் தனியாகக் குறிப்பிடுகிறார்கள்.

ஆண் துணி தைத்தால், பெண் சிகரெட் பிடித்தால்..?

அதே 1906-ல் ஆலிஸ் எடுத்த இரண்டு குறும்படங்களை இப்போது பார்த்தாலும் சிரிப்பு வரும்.

ஒன்று, 'பெண்ணியத்தின் விளைவுகள்'. இதில் உலகம் தலைகீழ். ஆண்கள் தைக்கிறார்கள், அயர்ன் பண்ணுகிறார்கள், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து அலைகிறார்கள். பெண்கள் கால் மேல் கால் போட்டுப் புகைக்கிறார்கள், குடிக்கிறார்கள், தெருவில் போகிற ஆண்களிடம் வம்பு பண்ணுகிறார்கள். கடைசியில் ஆண்கள் பொங்கி எழுந்து பெண்களை விரட்டிவிட்டு, தங்கள் இடத்தைப் பிடித்துக்கொள்வதோடு படம் முடிகிறது. 'பெண்ணியத்தைக் கேலி செய்கிற படமாச்சே!' என்று தோன்றலாம். ஆனால், ஒரு ஆண் தெருவில் கூனிக்குறுகி நடக்கும்போது, அவன் படும் பாடு தினமும் யார் படுகிற பாடு என்று பார்க்கிறவருக்குப் புரியாமல் போகுமா?

இன்னொன்று, 'மேடம் ஆசைப்படுகிறார்'. நிறைமாத கர்ப்பிணி ஒருவருக்கு மசக்கை ஆசை. சின்னக் குழந்தையின் கையிலிருந்து மிட்டாயைப் பிடுங்கிக்கொள்கிறார். ஒருவரின் மதுக் கோப்பையை எடுத்துக் குடிக்கிறார். இன்னொருவரின் சுருட்டுக் குழாயை வாங்கிப் புகைக்கிறார். பாவம் புருஷன், பின்னாலேயே ஓடி எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறார். ஒவ்வொரு முறையும் கேமரா அந்தப் பெண்ணின் முகத்துக்கு நெருக்கமாகப் போய், அவர் ரசிப்பதைக் காட்டுகிறது. குளோசப் என்பது அரிதாக இருந்த காலம் அது. ஒரு கர்ப்பிணியின் நாக்கு ருசியைத் திரை முழுக்கக் காட்டலாம் என்று அன்றைக்கு வேறு யாருக்குத் தோன்றியிருக்கும்?

கல்யாணம் ஆனது... வேலை போனது

தெற்கு பிரான்ஸில் ஒரு படப்பிடிப்பின்போது கேமரா வேலைக்கு வந்த ஹெர்பர்ட் ப்ளாஷே என்பவரோடு ஆலிஸுக்குக் காதல். அவருக்கு 33 வயது, ஹெர்பர்ட்டுக்கு 24. 1907-ல் கல்யாணம். க்ரோனோஃபோன் வியாபாரத்தை அமெரிக்காவில் வளர்க்க ஹெர்பர்ட்டை அனுப்பினார் காமோன். புருஷனோடு கிளம்பவேண்டியிருந்ததால், 11 ஆண்டுகளாகக் கட்டியெழுப்பிய தலைமைப் பொறுப்பை விட்டுவிட்டு, ஆங்கிலம் சரியாகத் தெரியாத ஊருக்குப் போனார் ஆலிஸ். அவர் விட்ட இடத்துக்கு ஃபூயாட் வந்தார்.

அமெரிக்காவில் க்ரோனோஃபோன் எடுபடவில்லை. 1908-ல் மகள் சிமோன் பிறந்தார். நியூயார்க்கின் ஃப்ளஷிங் பகுதியில் காமோனுக்கு இருந்த ஸ்டூடியோவை ஹெர்பர்ட் கவனித்துவந்தார். அங்கே பல நாள்கள் வேலையில்லாமல் தளம் சும்மா கிடந்தது. ஆலிஸ் அதைப் பார்த்தார். வாடகைக்கு எடுத்துக்கொண்டு நாமே படம் எடுத்தால் என்ன?

1910 செப்டம்பரில் 'சோலாக்ஸ்' பிறந்தது. தலைவர், ஆலிஸ் கீ ப்ளாஷே. கைக்குழந்தையோடு, வாரத்துக்கு ஒரு படம் என்று ஆரம்பித்தார். ஒரு ரீல் என்பது சுமார் 1,000 அடி ஃபிலிம், ஓடும் நேரம் கால் மணி நேரத்துக்குள். நகைச்சுவை, துப்பறியும் கதை, ராணுவக் கதை, கௌபாய் கதை என்று எதையும் விடவில்லை. சோலாக்ஸ் தயாரித்த படங்கள் மொத்தம் 300-க்கும் மேல். அவற்றில் கணிசமானவற்றை அவரே இயக்கினார். மற்றவற்றைத் தயாரிப்பாளராக மேற்பார்த்தார்.

'இயல்பாக இருங்கள்!'

1912-ல் நியூஜெர்சி மாநிலத்தின் ஃபோர்ட் லீ நகரில் ஒரு லட்சம் டாலர் செலவில் சொந்த ஸ்டூடியோ கட்டினார். அன்றைய அமெரிக்க சினிமாவின் தலைநகரம் ஹாலிவுட் இல்லை, ஃபோர்ட் லீதான். ஸ்டூடியோவின் கூரை கண்ணாடி. ஏன் தெரியுமா? அன்றைய ஃபிலிமுக்கு வெளிச்சம் ஏகமாக வேண்டும். சூரியன்தான் முக்கிய லைட்மேன்!

அந்த ஸ்டூடியோவுக்குள் பெரிய எழுத்தில் ஒரு போர்டு மாட்டியிருந்தார். 'இயல்பாக இருங்கள்' என்பதே அதன் பொருள். மேடை நாடகத்திலிருந்து வந்த நடிகர்கள் கையை வீசி, கண்ணை உருட்டி நடித்துக்கொண்டிருந்த காலம். கேமரா பக்கத்தில்தானே இருக்கிறது, எதற்கு இவ்வளவு சத்தமான நடிப்பு என்பது அவர் கட்சி.

அந்தக் காலகட்டத்தின் மூன்று படங்களைச் சொன்னால், அவர் எதையெல்லாம் கதையாகப் பார்த்தார் என்பது புரியும்.

'உதிரும் இலைகள்' (1912): அக்காவுக்குக் காசநோய். கடைசி இலை உதிரும்போது அவளும் போய்விடுவாள் என்று டாக்டர் சொல்வதைக் குட்டித் தங்கை கேட்டுவிடுகிறாள். ராத்திரி தோட்டத்துக்குப் போய், உதிர்ந்த இலைகளை நூலால் ஒவ்வொன்றாக மரக்கிளையில் கட்டுகிறாள். நூறாண்டு கடந்தும் மனசைப் பிசைகிற காட்சி.

'அமெரிக்கக் குடிமகனை உருவாக்குதல்' (1912): பெண்டாட்டியை அடித்து வேலை வாங்கும் ஒருவன் அமெரிக்காவுக்குக் குடியேறுகிறான். அங்கே அவன் கை ஓங்கும்போதெல்லாம் யாராவது தடுக்கிறார்கள். கடைசியில் கோர்ட், ஜெயில் வரை போய்த் திருந்துகிறான். குடும்ப வன்முறையை 'வீட்டு விஷயம்' என்று ஒதுக்காமல், குற்றமாகக் காட்டிய படம்.

'ஒரு முட்டாளும் அவன் பணமும்' (1912): கறுப்பின நடிகர்களோடு சேர்ந்து நடிக்க வெள்ளை நடிகர்கள் மறுக்க, முழுக்கக் கறுப்பின நடிகர்களை வைத்தே ஆலிஸ் எடுத்த படம். அப்படி எடுக்கப்பட்டு இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய படங்களில் ஒன்று. கறுப்பின மக்களைப் பற்றி அன்று புழக்கத்தில் இருந்த கேலிச் சித்திரிப்புகள் இதிலும் இருக்கின்றன. அதையும் சேர்த்தேதான் பார்க்க வேண்டும்.

1914-ல் ஒரு சினிமா பத்திரிகையில் ஆலிஸ் கட்டுரை எழுதினார். படத் தயாரிப்பில் பெண்ணால் முடியாத வேலை எதுவுமே இல்லை, உணர்வுகளைக் கையாளும் கலையில் பெண்ணுக்கு ஆணைவிட ஒரு படி மேலான தகுதி உண்டு என்பது அதன் சாரம். சும்மா சொல்லவில்லை. 18 வருட அனுபவத்தில் சொன்னார்.

எல்லாம் கைவிட்டுப் போனது

ஆனால், அந்தக் கட்டுரை வந்தபோதே சோலாக்ஸ் ஆட்டம் கண்டிருந்தது. ரசிகர்கள் ஒரு மணி நேரம் ஓடும் நீளப் படங்களுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். அவற்றுக்கு முதலீடும் விநியோக பலமும் அதிகம் தேவை. வாரம் ஒரு குட்டிப் படம் எடுத்த சின்னக் கம்பெனிகள் திணறின. 1913-ல் ஹெர்பர்ட் தனிக் கம்பெனி தொடங்கினார். சோலாக்ஸ் தேய்ந்தது. மற்ற கம்பெனிகளுக்குச் சம்பளத்துக்குப் படம் இயக்கும் நிலைக்கு ஆலிஸ் வந்தார். சினிமாத் தொழிலோ வெயிலும் இடமும் தாராளமாகக் கிடைக்கிற கலிஃபோர்னியாவுக்கு நகர்ந்துகொண்டிருந்தது. முதல் உலகப் போர்க் காலத்து நிலக்கரித் தட்டுப்பாடு, குளிர்காலத்தில் ஃபோர்ட் லீ ஸ்டூடியோக்களை இழுத்து மூடவைத்தது.

1918-ல் ஹெர்பர்ட் குடும்பத்தை விட்டு ஹாலிவுட்டுக்குப் போனார். அப்போது உலகையே உலுக்கிய ஸ்பானிஷ் ஃப்ளூ ஆலிஸையும் சாவின் விளிம்புவரை கொண்டுபோனது. 1920-ல் வெளியானதுதான் அவர் இயக்கிய கடைசிப் படம். ஸ்டூடியோ ஏலத்துக்குப் போனது. 1922-ல் மகளையும் மகனையும் கூட்டிக்கொண்டு பிரான்ஸுக்குக் கப்பலேறினார். வயது 49.

பிரான்ஸில் யாரும் வேலை தரவில்லை. அவர் விட்டுப்போனபோது சின்னத் தொழிலாக இருந்த சினிமா, இப்போது பெரிய பணம் புரளும் ஆண்களின் தொழில். வேலை கேட்க வேண்டுமென்றால் எடுத்த படங்களைக் காட்ட வேண்டுமே? ஒரு பிரதிகூட அவர் கையில் இல்லை. 1927-ல் மறுபடியும் அமெரிக்கா போய், காப்புரிமைப் பதிவுகள் இருக்கும் காங்கிரஸ் நூலகம் வரை தேடினார். வெறும் கையோடு திரும்பினார். பத்திரிகைகளுக்குக் குழந்தைக் கதைகளும் சினிமாக் கதைகளும் எழுதினார். மகள் சிமோன் வேலைக்குப் போய் அம்மாவைக் காப்பாற்றினார்.

பெயர் காணாமல் போவது எப்படி?

இதை யாரோ திட்டம் போட்டு அழித்த கதை என்று நினைத்தால் விஷயத்தைத் தவறவிடுவோம். சின்னச் சின்னதாகப் பல காரணங்கள்.

அன்றைய படங்களில் டைட்டில் கார்டில் இயக்குநர் பெயர் போடும் வழக்கமே கிடையாது. துணி மாதிரி மீட்டர் கணக்கில் விற்ற சரக்கு அது. கம்பெனி முத்திரை மட்டும் இருக்கும். ஃபிலிம் சுருளோ எளிதில் தீப்பற்றக்கூடிய நைட்ரேட். ஓடித் தேய்ந்தால் தூக்கிப்போடுவார்கள், அல்லது அதிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். ஆக, படமும் இல்லை, படத்தில் பெயரும் இல்லை.

அப்புறம் வரலாறு எழுத வந்தவர்கள், ஆண் பெயரைக் கண்டதும் அவரே இயக்குநர் என்று எழுதிவிட்டார்கள். 300 துணை நடிகர்களை வைத்து ஆலிஸ் எடுத்த இயேசு படம், அதில் அவருக்கு உதவியாளராக இருந்த விக்டோரின் ஜாஸேயின் கணக்கில் சேர்ந்தது. சோலாக்ஸ் படங்களை ஹெர்பர்ட்டின் கணக்கில் வைத்தவர்களும் உண்டு.

எல்லாவற்றையும்விட வலித்தது வேறொன்று. 1930-ல் காமோன் தன் கம்பெனியின் வரலாற்றை வெளியிட்டார். அதில் 1907-க்கு முந்தைய படத் தயாரிப்பு பற்றி ஒன்றுமே இல்லை. ஆலிஸ் உழைத்த ஆண்டுகள் அத்தனையும் காலி. அவர் கடிதம் எழுதினார். திருத்துவதாக காமோன் ஒப்புக்கொண்டார். திருத்தம் அச்சாவதற்குள் 1946-ல் இறந்துவிட்டார்.

அதன்பின் ஆலிஸ் செய்ததுதான் பெரிய விஷயம். எழுபது வயதைத் தாண்டியவர், நினைவிலிருந்து தன் படங்களின் பட்டியலைத் தானே எழுதத் தொடங்கினார். வரலாற்றாசிரியர்களுக்குக் கடிதம் போட்டார். எது யாருடைய படம் என்று திருத்தினார். சுயசரிதை எழுதினார். 1954-ல் காமோனின் மகன் லூயி, ஆலிஸ் அநியாயமாக மறக்கப்பட்டுவிட்டார் என்று பொது மேடையில் பேசினார். அதே 1950-களில் பிரான்ஸின் உயரிய 'லெஜியன் ஆஃப் ஹானர்' விருது வந்தது. ஆனால், சுயசரிதைக்குப் பதிப்பாளர் கிடைக்கவில்லை.

1964-ல் மகளோடு நியூஜெர்சிக்கே திரும்பினார். 1968 மார்ச் 24-ல், 94 வயதில் காலமானார். ஒருகாலத்தில் அவருடைய ஸ்டூடியோ நின்ற அதே மாநிலம். சுயசரிதை 1976-ல்தான் வெளிவந்தது.

அவர் வெறும் கையோடு திரும்பிய தேடலைப் பிறகு மற்றவர்கள் தொடர்ந்தார்கள். ஆவணக் காப்பகங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் இருந்து இதுவரை சுமார் 150 படங்கள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. எந்த நூலகத்தில் அவருக்கு ஒரு படமும் கிடைக்கவில்லையோ, அதே காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பட்டியலில் 2003-ல் அவருடைய 'கல்யாணத்தின் வேகக் கட்டுப்பாடு' சேர்க்கப்பட்டது. 2018-ல் நடிகை ஜோடி ஃபாஸ்டரின் குரலில், பமேலா க்ரீன் இயக்கிய ஆவணப்படம் கான் விழாவில் திரையானது. அதன் பெயர், ஆலிஸின் ஸ்டூடியோவில் தொங்கிய போர்டில் இருந்த அதே வாசகம்.

2012-ல் ஃபோர்ட் லீ திரைப்பட அமைப்பினர் அவர் கல்லறைக்குப் புதுக் கல் வைத்தார்கள். முதல் பெண் இயக்குநர், முதல் பெண் ஸ்டூடியோ தலைவர் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். படங்களில் போடாமல் விட்ட டைட்டில் கார்டு, ஒருவழியாகக் கல்லில் வந்துசேர்ந்தது.

இன்றே பார்க்கலாம்!

காப்புரிமைக் காலம் முடிந்த படங்கள் என்பதால் பலவற்றை யூடியூபிலேயே பார்க்க முடியும். எங்கே தொடங்குவது என்று யோசிப்பவர்களுக்கு ஒரு குட்டி லிஸ்ட்:

* முட்டைக்கோஸ் தேவதை – ஒரு நிமிடம். எல்லாம் தொடங்கிய இடம்.
* மேடம் ஆசைப்படுகிறார் (1906) – குளோசப்புக்காகவும் அந்தப் புருஷனின் பரிதாபத்துக்காகவும்.
* பெண்ணியத்தின் விளைவுகள் (1906) – பார்த்துவிட்டு வீட்டில் விவாதம் நடத்தலாம்.
* உதிரும் இலைகள் (1912) – ஒரே ஒரு படம் பார்க்கத்தான் நேரம் என்றால், இதைப் பாருங்கள்.
* கல்யாணத்தின் வேகக் கட்டுப்பாடு (1913) – மதியம் 12 மணிக்குள் கல்யாணம் செய்தால்தான் சொத்து என்று தந்தி வருகிறது. ஹீரோ தெருத்தெருவாகப் பெண் தேடி ஓடுகிறார். அந்தத் தந்திக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்பதுதான் ட்விஸ்ட்.

ஐந்தையும் பார்த்து முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. அடுத்தமுறை யாராவது உங்கள் வேலையைத் தங்கள் பெயரில் மீட்டிங்கில் பேசினால், ஆலிஸை நினைத்துக்கொள்ளுங்கள். கையோடு ஒரு பட்டியலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுபது வயது வரை காத்திருக்க வேண்டாம்!